வேனுக்கு வெளியே கட்டிய இரண்டு பலகைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடி பக்கம் காபி குடிக்கக் காரை நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு வேன் நின்றது. வேனா அது... மாடி வீடு மாதிரி உயரம்! உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிறதாம். கேம்பர் வேன் என்றார்கள். பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக் கடலுக்குப் போகிற பிள்ளைகள்.

வேனின் பக்கவாட்டில், வெளிப்புறமாக, ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு பலகைகளை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"இதென்னப்பா?"

"பேடில் போர்டு ஆன்ட்டி. தண்ணியில இது மேல நின்னு துடுப்புப் போட்டுக்கிட்டே போலாம்."

"மேலே வைக்க வேண்டியதுதானே?"

"வேன் ரொம்ப ஹைட் ஆன்ட்டி. மேல ஏத்தினா மரக்கிளை இடிக்கும். இறக்குறதுக்குள்ள முதுகு போயிடும்."

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். கிளம்பும்போது, "வெள்ளைத் துணி மட்டும் சுத்திடாதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

என் அண்ணனைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவர் கஞ்சத்தனம், அவர் குறட்டை, அவர் ரேடியோ... மதினியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. "உங்க அண்ணனுக்குக் கல்யாணமே ஆகலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணன் நரிக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மதினி பெயர் செல்லக்கனி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். சரியான வாயாடி. கால் கிலோ பருப்பு வாங்க வருகிறவரைக் கிண்டல் பண்ணியே அரைக் கிலோ வாங்க வைத்துவிடுவாள். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் அண்ணன் வீட்டிலேயே என்று முடிவானது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு நரிக்குடி வந்திருந்தேன்.

பங்குனி மாதம். காலையில் வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். வெளியே வந்தவள் முகமே சரியில்லை.

"பிள்ளை குறுக்க கெடக்குய்யா. என் கைக்கு ஆகாது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. தாமசிக்காதீங்க."

பஸ் போய்விட்டது. ரயிலும் போய்விட்டது. மாட்டுவண்டியில் போனால் எப்போது போய்ச் சேருவது? அண்ணன் ரோட்டில் நின்று கண்ணில் பட்ட லாரிக்கெல்லாம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வேன் வந்து கடை முன்னால் நின்றது. வெள்ளைக்காரத் தம்பதி. அவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. அவர் மனைவி பெயர் லிண்டா. ராமேஸ்வரத்திலிருந்து கோவளம் போகிற வழியில் வாழைப்பழம் வாங்க இறங்கினார்கள். கூரையை அறுத்து உயர்த்திய வேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வெளியே பக்கவாட்டில் நீளமான இரண்டு பொட்டலங்கள்.

எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். லிண்டா வாழைப்பழத்தை அப்படியே வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடினாள். மதினியை அவளும் நானும்தான் தாங்கி வந்து, வேனுக்குள் இருந்த மெத்தையில் படுக்க வைத்தோம்.

வழியில் அந்தப் பொட்டலங்கள் என்னவென்று கேட்டேன். பேடில் போர்டாம். கடலில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிப் போவார்களாம். நம் வெயிலில் பலகை வெடித்துவிடக்கூடாது என்று வெள்ளை பெட்ஷீட் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ராமேஸ்வரத்தில் யாரோ அன்பாகப் போட்ட சாமந்தி மாலை இரண்டை, வாடினாலும் தூக்கி எறிய மனசில்லாமல், அந்தக் கயிற்றிலேயே மாட்டியிருந்தார்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஆள் நீளத்துக்கு ஒன்று. வெள்ளைத் துணி. கயிறு. மாலை. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்?

திருச்சுழி தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லைக்குள் பிணம் நுழையக் கூடாது. அந்த ஊரிலேயே யாராவது செத்தால்கூட சத்தமில்லாமல் பின்பக்கமாகக் கொண்டு போய்விடுவார்கள். ரோட்டின் குறுக்கே வேப்பிலைக் கயிறு தொங்கியது. வேனைப் பார்த்ததும் பத்து இருபது பேர் ஓடி வந்து மறித்தார்கள்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! ரெண்டு பிரேதத்தைக் கட்டிக்கிட்டு எங்கய்யா உள்ள வாரீக?" என்றார் மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர். கையில் காப்பு.

அண்ணன் குதித்து இறங்கினார். "பிரேதம் இல்லண்ணாச்சி, பலகை! கடல்ல மிதக்குற பலகை! உள்ள என் சம்சாரம் பிரசவ வலியில துடிக்கிறா!"

"கடல்ல மிதக்குற பலகையா? அருப்புக்கோட்டையிலயாய்யா கடல் இருக்கு?"

கூட்டம் சிரித்தது. சிரிக்கத்தானே செய்யும்? கண்மாயில் தண்ணீரைப் பார்த்தே பல வருஷம் ஆன ஜனம். வெள்ளைக்காரர் விஷயம் புரிந்து கயிற்றை அவிழ்க்கப் போனார். அவ்வளவுதான்... "அவுக்காதே! எல்லையில வச்சுத் தொறக்காதே!" என்று கத்தல். உள்ளே நிஜமாகவே பிணம் இருந்துவிட்டால்? அதைத் திறந்து பார்த்த தீட்டு வேறு சேருமே! அவிழ்த்தால்தான் பலகை என்று தெரியும். அவிழ்க்கவும் விடமாட்டார்கள், எல்லையில் இறக்கி வைத்துவிட்டுப் போகவும் விடமாட்டார்கள்.

மஞ்சள் வேட்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மதினியின் அலறல் அவருக்கும் கேட்டது. அவர் முகம் மாறியது. கெட்டவர் இல்லை அவர். "தாயி பொறுத்துக்கம்மா" என்றார். பிறகு அண்ணனிடம், "ஊரு கட்டுப்பாடுய்யா, நான் ஒருத்தன் என்ன செய்ய? கண்மாய்க்குள்ள எறங்கிச் சுத்திப் போயிருங்க. வண்டித்தடம் இருக்கு" என்றார்.

மாட்டுவண்டிக்குத் தடம் சரி. அந்த உயரத்து வேனுக்கு? கருவேல மரங்கள் கூரையைப் பிறாண்டின. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மதினி என் கையை நெரித்தாள். கண்மாயின் நடுவில், காய்ந்த வண்டலில், பின்சக்கரம் புதைந்தது.

தள்ளினோம். தோண்டினோம். அசையவில்லை. கடைசியில் லிண்டாதான் கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள். பெட்ஷீட்டுகளை உருவி மதினிக்குக் கீழே விரிக்கக் கொடுத்தாள். பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். எத்தனை ஆசையாக இழைத்துப் பூசியிருந்தார்களோ... சக்கரம் ஏறியபோது இரண்டும் கீறல் விட்டன. அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மதினிக்குப் பேச்சு இல்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. உள்ளே கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து அண்ணன் தோளைத் தொட்டார். பிள்ளையும் இல்லை, அவளும் இல்லை.

அண்ணன் அழவில்லை. "பிள்ளை குறுக்க கெடந்துச்சு... பிள்ளை குறுக்க கெடந்துச்சு..." என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அன்றைக்கு அந்த ஊர் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போக வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

அடக்கத்துக்கு நரிக்குடிக்குக் கொண்டு போக வேண்டும். டவுனில் எந்த டாக்ஸிக்காரரும் வரச் சம்மதிக்கவில்லை. கோவளம் போகவேண்டிய அந்த இரண்டு பேரும் போகாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. லிண்டா வந்து வேன் கதவைத் திறந்து வைத்தாள். அந்த வெள்ளை பெட்ஷீட்டிலேயே மதினியையும், அவள் மார்போடு பிள்ளையையும் சேர்த்துச் சுற்றி உள்ளே படுக்க வைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் திரையை இழுத்து விட்டோம். பலகைகளை மறுபடியும் வெளியே கட்டினார்கள். இந்த முறை துணி சுற்றவில்லை.

பொழுது சாய்கிற நேரம். அதே ஊர். அதே வேப்பிலைக் கயிறு. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேனைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து சிவப்புப் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மஞ்சள் வேட்டிக்காரர் வேகமாக வந்தார். முகமெல்லாம் சங்கடம்.

"அடடா, பலகைதானய்யா! நெசமாவே பலகைதான்! தெரியாமப் போச்சு, மனசுல வச்சுக்கிறாதீக. ஏலே, கயித்தத் தூக்குங்கலே! அவுக போகட்டும்."

அண்ணன் முன் சீட்டில் இருந்தார். உண்மையைச் சொன்னால் திரும்பவும் கண்மாய்தான். அந்தத் தடத்தில் அவளை இன்னொரு முறை குலுக்கிக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. கையை எடுத்துக் கும்பிட்டார்.

"என்ன பிள்ளைய்யா?" என்றார் அவர்.

"ஆம்பளப் பிள்ளை" என்றார் அண்ணன்.

"ரொம்ப சந்தோசம்! ஆத்தா கொடுத்தது" என்று ஜன்னல் வழியாகக் குங்குமப் பொட்டலத்தை நீட்டினார். "தாய்க்கும் பிள்ளைக்கும் வச்சு விடுங்க."

அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேன் ஊருக்குள் போனது. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.