துணைக்கு வந்த மாமனார்

அருவிப் பாதையில் உட்காருவதற்கு முன் அக்கா பெஞ்சை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். கடகடவென்றால் போச்சு, தோள்பையிலிருந்து திருப்புளி வெளியே வந்துவிடும். பாறைப் பிளவுக்குள் குதிக்கும் சிற்றருவிகளை ஊரே படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டபடி, "ஆடுற சாமானைப் பார்த்தா என் கை சும்மா இருக்காதுங்க" என்பார்.

தையல் ஆலையில் மிஷின் மெக்கானிக். அங்கே எல்லோருக்கும் 'திருப்புளி அக்கா'. வார விடுமுறை வந்தால், கணவரின் பழைய பூட்ஸுக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு இந்தப் பாதைக்குக் கிளம்பிவிடுவார். மரப்பாலத்தின் கைப்பிடி, குப்பைத்தொட்டி மூடி, வழிகாட்டும் அம்புக்குறி எல்லாம் அவர் முறுக்கி வைத்தவைதான். முதல் சாரல் முகத்தில் அடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நிற்பார்.

ஒரே ஒரு மனக்குறை. இரண்டாவது அருவிக்கு மேலே ஓர் இரும்புக் கதவு. பக்கத்தில் பலகை: 'ஆண் துணையின்றிப் பெண்கள் இதற்கு மேல் செல்லக் கூடாது.' கணவருக்கோ மலை என்றாலே கொட்டாவி. ஆகவே உச்சி அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது அக்காவின் வழக்கமாகிவிட்டது.

"வழுக்கும்மா. உங்க நல்லதுக்குத்தான்" என்பார் காவலாளி.

"ஆம்பளைங்களை மட்டும் வழுக்கி விடாதேன்னு பாறைகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களாண்ணே?"

பாறைக்கு ஆண், பெண் தெரியாது. பலகை எழுதியவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

போன வாரம் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் தேய்ந்த மனிதர். படிக்குப் படி மருமகளின் தோளில் தொங்கியபடி, "மெதுவா இழும்மா, நான் என்ன மூட்டையா?" என்று புலம்பினார்.

"மூட்டைன்னா வாயைத் திறக்காது மாமா."

காவலாளி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஆம்பளைத் துணை இருக்கு. போகலாம்."

மாமனார் பொத்தென்று ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். "யாருக்கு யாருய்யா துணை? இவ கையை விட்டா நான் தண்ணிக்குள்ள கிடப்பேன். இனி ஒரு அடி முடியாது. அவ மட்டும் போயிட்டு வரட்டும்."

"அதெல்லாம் முடியாது பெரியவரே. ரூல்ஸ் இருக்கு."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீ என்னைத் தூக்கிட்டு முன்னால நட. அவ பின்னால வரட்டும். ரூல்ஸும் கெடாது." சொன்னதோடு நிற்காமல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார்.

காவலாளி அந்தப் பெருத்த உடம்பைப் பார்த்தார். செங்குத்தாக ஏறும் படிகளையும் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்கம்மா" என்றார்.

அக்கா சீக்கிரம் வரவில்லை. வந்தபோது தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பூட்ஸ் கையில் இருந்தது.

"அப்படி என்னதாம்மா இருக்கு மேல?"

"தண்ணிதான் மாமா. ஆனா எவ்வளவு தண்ணி!"

மாமனாரைத் தோளில் தாங்கிக்கொண்டு திரும்பும்போது காற்று வீசியது. கதவோரப் பலகை கடகடவென்று ஆடியது. ஒரு திருகாணி எங்கோ விழுந்துவிட, மிச்சமிருந்த ஒன்றில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா நின்றார். கை தன்னால் பைக்குள் போயிற்று. திருப்புளி பாதி வெளியே வந்தது. பலகையில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தார்.

பிறகு திருப்புளியை உள்ளே தள்ளி, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.