பிட்காயின் மிஷினும் இரண்டாவது வரிசையும்

"ரெண்டு மாசம் டைம்" என்றாள் என் மனைவி. "கரண்ட் ரீடிங்காரர் அடுத்த வாட்டி வர்ற அன்னிக்கு, அது உங்க பேர்ல ஒரு ரூபாயாவது சம்பாதிச்சுக் காட்டணும். இல்லன்னா பழைய இரும்புக்காரரை நானே கூப்ட்டு ஏத்தி வுட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு நிக்கக் கூடாது."

அவள் கேட்டது நியாயம்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அதைக் கூடத்தில் இறக்கியவன் நான். இரண்டு செருப்புப் பெட்டிகளை நீளவாக்கில் ஒட்டினாற்போல் ஒரு உலோகப் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு விசிறி, அந்தப் பக்கம் ஒரு விசிறி. பிட்காயின் எடுக்கும் மிஷின், அதுவும் பழையது.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துகளை மோட்டார் நேம் பிளேட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. வாடிக்கையாளர் எது கேட்டாலும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வேன்.

மிஷினை விற்றவர் விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டு போர்வெல் மோட்டாரைக் கட்டி எடுத்துப் போனபோது, படிக்கட்டுக்கு அடியில் அது தூசி படிந்து கிடந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"அதுங்களாண்ணே? வாங்கி ஒரு வருஷம் பேஜாருதான். சூடு தாங்காம நின்னு நின்னு போவுது. ஒரு நாள் முழுசா ஓடினது இல்ல. அதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் படிச்ச ஆளு வேணும்ணே, நமக்கு ஒத்து வராது."

கரண்ட் உள்ளே போகிறது, சூடு வெளியே வருகிறது, நடுவில் என்ன நடக்கிறது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நின்று நின்று போகிற மிஷின் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. விலை கேட்டேன். குறைவாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். இரண்டு எச்.பி. மோட்டார் ஓடினால் எவ்வளவோ அவ்வளவு. அதைச் சாதாரண பிளக்கில் சொருகியதுதான் விழுப்புரத்தில் நடந்த தவறு என்று எனக்குப் பட்டது. மீட்டர் பலகையிலிருந்து தனியாகத் தடிமனான செம்பு ஒயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, பதினாறு ஆம்பியர் பிளக் வைத்தேன். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, புதிதாக எர்த் இறக்கினேன். மாடியில் போன வருஷம் வைத்த சோலார் இருக்கிறது. வெயில் இருக்கும் நேரத்தில் மட்டும் மிஷினை ஓட்டுவது, பொழுது சாய்ந்தால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் ஒரு ஓலம் வருமே, அந்த மாதிரிச் சத்தம். கூடத்தில் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை, அவ்வளவு அனல்.

அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் போனது. வீட்டை ஒட்டியிருக்கும் என் கடையில், பின்பக்க ஜன்னலுக்கு அருகில் மரப்பெட்டி ஒன்று அடித்து, உள்ளே தேங்காய் நார் மெத்தைத் துண்டுகளை ஒட்டினேன். சூட்டுக் காற்று வெளியே போவதற்கு ஜி.ஐ. ஷீட்டை வளைத்து ஜன்னல் வரை ஒரு குழாய் செய்தேன். முதல் குழாய் சிறியதாகப் போய்விட்டது. அதனால் காற்று திரும்பி வந்தது. இரண்டாவது குழாயை வாயகன்றதாகச் செய்தேன். அதன் பிறகு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றலாம் என்ற அளவுக்குச் சத்தமும் சூடும் அடங்கின.

அந்த நாட்களில் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்த விவசாயி ஒருவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி, ஏரோப்ளேனைப் புடிச்சு உள்ள கட்டி வெச்சிருக்கியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அட, இதை ஏன் இங்க வெச்சுக்கினு கீற? நம்ம மோட்டார் கொட்டாய்ல வை. ஃப்ரீ கரண்ட். ராவும் பகலும் ஓட்டு. ஆளுக்குப் பாதி."

"வேணாங்க."

"ஏன்யா?"

"அது தண்ணி எறைக்கக் குடுத்த கரண்டுங்க."

அவர் சிரித்தார். "வாயே தொறக்க மாட்ட. தொறந்தா சட்டம் பேசற."

அடுத்தது பூல். பூல் என்றால் என்ன என்பதைத் தமிழில் விளக்கும் வீடியோக்களை என் மனைவியும் நானும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் பார்ப்போம். உலகம் முழுக்க மிஷின்கள் ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கின்றனவாம். யார் மிஷினுக்கு முதலில் கிடைக்கிறதோ அவருக்குப் புதுக் காசு. என்னுடையதைப் போன்ற ஒற்றை மிஷினுக்கு ஆயுசு முழுக்கத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். அதனால் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகச் சேர்ந்து தேடுகிறார்கள். யாருக்குக் கிடைத்தாலும், அவரவர் தேடிய அளவுக்குப் பங்கு.

வீடியோவில் பேசியவர் இதை மூன்று முறை சொன்னார். என் மனைவிக்குப் பிடிபடவில்லை. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. மல்லாட்டை ஆய்கிற வேலை அது, அதாவது செடியிலிருந்து நிலக்கடலையைப் பறித்தெடுப்பது. செடியைக் குவித்துப் போட்டு இருபது பேர் உட்கார்ந்து காயை ஆய்வோம். பொழுது போனதும் அவரவர் ஆய்ந்ததைப் படியால் அளந்து, அதற்குத் தக்கபடி கூலி. குவியல் யாருடையது என்பது ஒரு கணக்கு, நான் எத்தனை படி ஆய்ந்தேன் என்பது இன்னொரு கணக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் போனது அந்த வேலைக்குத்தான். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம மிஷினு கூலிக்குப் போவுதுன்னு சொல்லுங்க" என்றாள். "இதுக்கு அந்த ஆளு அரை மணி நேரம் கை ஆட்டிக்கினு இருந்தாரு."

பூலில் கணக்கு தொடங்கினோம். அவள் பத்தாம் வகுப்பு படித்தவள். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். மிஷினுக்கு ஒரு பெயர் கேட்டது. எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது மோனோ பிளாக் மோட்டாரின் நேம் பிளேட்தான். அதனால் மோனோ என்று வைத்தேன். பிறகு மிஷினை வீட்டு இன்டர்நெட்டில் இணைத்து, வீடியோவில் காட்டியபடி புள்ளி வைத்த எண்களைப் போனில் அடித்து மிஷினின் செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். எந்தப் பூலில், யார் பெயரில் ஓட வேண்டும் என்று எழுத மூன்று வரிசைகள் இருந்தன. முதல் வரிசையில் விழுப்புரத்துக்காரரின் பூல் விலாசமும் பெயரும் ஏற்கெனவே இருந்தன. மற்ற இரண்டும் காலி.

நான் இரண்டாவது வரிசையில் எழுதினேன்.

எங்கள் தொழிலில் அப்படித்தான். மோட்டாரைக் கட்டியவர் தன் பெயரையும், எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்பதையும் மூடியின் உட்புறத்தில் எழுதி வைப்பார். அடுத்து கட்டுகிறவன் அதை அழிக்கக் கூடாது. அதற்குக் கீழே தன்னுடையதை எழுத வேண்டும். ஐந்து பெயர்கள் இருக்கும் மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் பெயரை அழிப்பது என்பது என் கைக்கு வராத காரியம். அவர் பெயர் மேலே இருக்கட்டும், நான் கீழே என்று நினைத்து, சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

மிஷின் ஓடியது. பச்சை விளக்கு மின்னியது. போனில் திறந்த மிஷின் பக்கத்தில் எண்கள் ஏறின. பதினெட்டு நாள் காலையும் மாலையும் அந்த எண்களையே பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ரீடிங்குக்கு எட்டு நாள் இருக்கும்போது, என் மனைவி பூலில் எங்கள் கணக்கைத் திறந்தாள். சைபர். மோனோ என்ற பெயருக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. மிஷினின் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? மேல் வரிசையில நம்பரு ஏறிக்கினே போவுது. உங்க வரிசை சைபர்லயே கீது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது வரிசை என்பது ஸ்பேர். முதல் பூல் படுத்துக்கொண்டால் மட்டும் மிஷின் அங்கே போகும். பதினெட்டு நாளாக என் ஒயரில், என் குழாயில், என் வெயிலில் ஓடிய மிஷின் விழுப்புரத்துக்காரருக்குக் கூலி வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. "இப்பவே அவரு பேரை அழிச்சுட்டு நம்மளத எழுதுங்க, ஜல்தி" என்றாள். நான் மிஷினை நிறுத்தினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழிக்கிறேன் என்றேன். "எட்டே நாளுதான் கீது, இதுல ஒரு நாளை பஸ்ஸுக்குக் குடுக்கறீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். போனில் பேச எனக்கு வராது என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் டிபன் கட்டிக் கொடுத்தாள்.

விழுப்புரத்தில் அவர் கடையில் கூட்டம் குறையும் வரை வெளியே நின்றேன். பிறகு போய்த் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அது நீங்களா? நான் மறந்துபோன அக்கவுண்டு அது. திடீர்னு காசு வந்தா மாதிரி மெசேஜ். எவனோ என் பேர்ல தில்லுமுல்லு பண்றான்னு பயந்துக்கினு இருந்தேன். வந்ததை உங்களுக்கே அனுப்பி வுட்டுடறேன், இருங்க."

"வேணாங்க. உங்க பேர்ல செஞ்ச வேலை, உங்களுதுதான். என் பேர்ல இனிமே வரட்டும். அழிச்சுக்கலாமான்னு கேட்டுக்கினு போகத்தான் வந்தேன்."

"இதைக் கேக்கவா திண்டிவனத்துலேர்ந்து வந்தீங்க?" என்றார். பிறகு எதையோ தேடி, போனை என் பக்கம் திருப்பினார். "அண்ணே, இதைப் பாருங்க முதல்ல."

அதில் மிஷின் ஓடிய அளவைக் காட்டும் ஒரு கோடு. இடது பக்கத்தில், அவர் ஓட்டிய நாட்களில், அது ஏறியும் விழுந்தும் பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது. வலது பக்கத்தில் என்னுடைய பதினெட்டு நாட்கள். காலையில் ஏறுகிறது, பொழுது சாயும் வரை ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல் நேராகப் போகிறது, இறங்குகிறது. மறுநாளும் அப்படியே. ஒரு நாள்கூட நடுவில் விழவில்லை.

"ஒரு வருஷத்துல எனக்கு ஒரு நாள் இப்டி ஓடினது இல்லண்ணே. இன்னா பண்ணீங்க?"

நான் சொன்னேன். ஒயரின் தடிமன், எர்த் குழி, முதல் குழாய் ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் வேலை செய்தது என்று எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். கடைக்கு வந்த இரண்டு பேர் தாங்கள் வந்த வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வீட்டிலும் இதே மாதிரி மிஷின் ஒன்று தூங்குகிறது என்று சொல்லி என் கடை விலாசத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முதல் வரிசையை அழித்து, என்னுடையதை எழுதினேன். மோட்டார் பழக்கத்தில், விழுப்புரத்துக்காரரின் விவரத்தை ஒரு தாளில் எழுதி மரப்பெட்டியின் உள்பக்கம் ஒட்டினேன். மிஷினை ஓட்டிப் பத்து நிமிஷம் கழித்து, பூல் பக்கத்தில் மோனோ என்ற பெயருக்கு எதிரில் பச்சைப் புள்ளி வந்தது. என் மனைவி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ரீடிங் எடுப்பவர் சொன்ன நாளுக்கு வந்தார். அதற்குள் எங்கள் பெயரில் சேர்ந்திருந்த பிட்காயினை ரூபாயாக்கிப் பார்த்தால் ஒரு கிலோ எண்ணெய்கூட வராது. ஆனால் ஒரு ரூபாய்க்கு மேல் பல மடங்கு இருந்தது. என் மனைவி அதைக் காலையிலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டவர் கடைப் பக்கம் காதைத் திருப்பினார். "இன்னாங்க உள்ள சத்தம்? மாவு மில்லு போட்டுட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "பிட்காயின் மிஷினுங்க. வெயில்லயே ஓடுது."

"அப்படியா! மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்து மாட்டினாங்களா?"

"யாரும் வரலைங்க. எங்க வூட்டுக்காரரே மாட்டினது." அவள் என் பக்கம் திரும்பினாள். "சாரை உள்ள இட்டுக்கினு போய்க் காட்டுங்களேன், இன்னா நின்னுக்கினு கீறீங்க?"

நான் கடைக் கதவைத் திறந்துவிட்டேன்.