ஏழாம் கண்டெய்னரில் மல்லிகை

மின்வாரியத்தில் துணை மின்நிலையம் பார்த்து ஓய்வுபெற்ற பின், வடமதுரைப் பக்கம் ஒரு தனியார் பேட்டரி நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். பகலில் சோலார் கரண்டை வாங்கி வைத்து, சாயங்காலம் கிரிட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் இடம். கப்பலில் சரக்கு வருமே, அந்த மாதிரி இரும்புக் கண்டெய்னர் எட்டு. உள்ளே ரேக் ரேக்காகப் பேட்டரி, ஓயாமல் ஏசி.

ஐப்பசி மழையில் ஒரு காலை, ஏழாம் கண்டெய்னர் இன்சுலேஷன் ஃபால்ட் காட்டி ட்ரிப் ஆகிக் கிடந்தது. உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் தீப்பிடிக்கலாம். சைட் மேனேஜர் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அருள்மேரி போன வாரம் கேபிள் மாட்டுச்சுல்ல, அதான்ணே. காண்ட்ராக்ட் ஆளுதான, இன்னைக்கே அனுப்பிருவோம்" என்றார். மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத மனிதர், குற்றவாளியைப் பிடிப்பதில் மட்டும் கெட்டிக்காரர்.

டெக்னீஷியன் அருள்மேரி அங்கேயேதான் நின்றாள். "அண்ணே, நான் மாட்டுன போல்ட்டுல எல்லாம் மார்க் போட்டுருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க. இந்தப் பேரோட போனா வேற சைட்லயும் எடுக்க மாட்டாங்க."

சப்ளையைத் துண்டித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மல்லிகை வாசம் கும்மென்று அடித்தது. தரையில் ஈரம், வாழைநார், நாலைந்து பூ. ஏசியை யாரோ பதினாறுக்கு இறக்கியிருந்தார்கள். குளிர்ந்த செம்புப் பட்டைகள் எல்லாம் வியர்த்திருந்தன; கரண்ட் கசிந்தது அந்த ஈரத்தில்தான். மேரி மாட்டிய போல்ட்டுகள் அத்தனையும் சரி. கதவுப் பதிவைப் பார்த்தேன். முந்தின நாள் மதியமும் அன்று விடிந்ததும் திறந்தது மேனேஜரின் கார்டு.

"சார், உள்ள பூ வச்சீங்களா?"

"மக காதுகுத்துக்கு வாங்குன நாலு கூட. வாடாம ஈரத்துணி சுத்தி வச்சு, விடிஞ்சதும் எடுத்துட்டேன். இங்கன சும்மாதான ஏசி ஓடுது? பூவால என்ன ஆயிரப் போகுது?"

இவர்தான் வாராவாரம் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர்.

ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் செல், கேபிள், ஏசி, தொழிலாளர் தவறு, மற்றவை என்று ஐந்தே வரி. மேனேஜர் தவறு என்று ஒரு வரி கிடையாது. 'மற்றவை' போட்டால் மேனேஜரே ஒப்புதல் தர வேண்டுமாம். படிவம் தயாரித்தவர்கள் விவரமானவர்கள்.

"தொழிலாளர் தவறுன்னே போடுங்கண்ணே. செத்த நேரத்துல வேல முடிஞ்சிரும்."

நான் 'மற்றவை' போட்டு, "ஈரத்துணி சுற்றிய மல்லிகை, நான்கு கூடை, வைத்தவர் சைட் மேனேஜர்" என்று எழுதினேன். ரிப்போர்ட் முடியாமல் கண்டெய்னரை ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வரவே, அவரே ஒப்புதலை அழுத்தினார். அதற்குள் மேரி ஈரத்தை உலர்த்தி, சோதித்து முடித்திருந்தாள்.

கண்டெய்னர் ஓடத் தொடங்கியதும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நானும் முட்டாள்தனமாக நினைத்தேன்.

"இந்தத் தடவ விட்டுட்டேன்மா. இனிமே கவனமா இரு."

"சரிங்க சார்" என்றாள் மேரி. பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, அந்த ரிப்போர்ட்ட எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். வேலையைச் சுத்தமாகச் செய்தால் மட்டும் போதாது, அதற்கான காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.