ஆமைக்காகக் காத்திருந்த எஸ்தர் டீச்சர்

என் பஞ்சர் கடையில் லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எஸ்தர் டீச்சரின் தம்பி நாசரேத்திலிருந்து கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க, அண்ணாச்சி." என் வாயில் முதலில் வந்தது, "நல்லாப் பாத்தீங்களா?" என்பதுதான். துக்கம் சொல்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் பாம்பு, ஆமை, தவளைகளைக் காப்பாற்ற டீச்சர் கூட்டிய நம் சங்கத்தில் நீங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆலந்தலைக் கரையில் அந்தோணியின் வலையில் கடலாமை சிக்கிய மத்தியானம் உங்களுக்கும் நினைவிருக்கும். டீச்சரை என் லோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஆமையிடம் அசைவே இல்லை. கழுத்து தொங்கிக் கிடந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தோணிக்கு முகமெல்லாம் வேர்வை.

"ஏலே, தூக்கிக் கடல்ல போடுங்கல! பாரஸ்ட்காரன் வந்தாம்னா கேஸு எம்மேலல்லா விழும்!"

துடுப்புக் கால்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துவிட்டார்கள். கடல் பிராணி கடலுக்குள் போனால் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். மூட்டுவலிக்காரரான டீச்சர், ஆமைக்கும் கடலுக்கும் நடுவே ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எய்யா, வலைக்குள்ள மூச்சு முட்டி மயங்கிக் கெடக்கு. இப்பத் தண்ணில போட்டா மெய்யாவே செத்துரும். நாளைக் காலை வரைக்கும் 'செத்துப்போச்சு'ங்கிற வார்த்தைய யாரும் சொல்லப்படாது."

"கேஸு வந்தா நீங்களா டீச்சர் ஜெயிலுக்குப் போவீங்க?"

"போறேன். எம்பேரைச் சொல்லு."

என் வண்டியில் கிடந்த பழைய டயரை ஆமையின் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து உயர்த்தினோம், நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியட்டும் என்று. நிழலுக்குப் படுதா, முதுகில் ஈரத் துணி. அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. எனக்கோ பொறுமை கிடையாது. பஞ்சர் ஒட்டின பசை காய்வதற்குள் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறவன். "முடிஞ்சுபோச்சு டீச்சர்" என்று வாயெடுத்தேன். அவர் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன்.

அவ்வப்போது ஆமையின் கண்ணோரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாது. மறுபடி உட்கார்ந்துகொள்வார். கூட்டம் முணுமுணுத்தது. அந்தோணி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் தாழ்ந்த பிறகு டீச்சர் இன்னொரு முறை தொட்டார்.

"கண்ணு! கண்ணச் சிமிட்டுதுல்லா!" என்று கத்தியது அந்தோணிதான். மறுநாள் காலை அவனே அதைக் கடலில் இறக்கிவிட்டான்.

டீச்சரின் அடக்கத்தன்று நாசரேத்தில் ஜெபம் முடிந்து சவப்பெட்டியை மூடப் போனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தோணி வந்தான். "பொறுங்கய்யா. கொஞ்சம் பொறுங்க." மூடியைப் பிடித்திருந்தவர்கள் திகைத்தார்கள். டீச்சரின் தம்பி தலையசைத்தார். அந்தோணி குனிந்து டீச்சரின் கண்ணோரத்தை ஒரு விரலால் தொட்டான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இமை அசையும் என்று நானும் எதிர்பார்த்தேன்.

அந்தப் பழைய டயர் இன்னும் என் வண்டியில்தான் கிடக்கிறது. யார் கேட்டாலும் தருவதாக இல்லை. பொறுமை எனக்கு இன்னும் வந்தபாடில்லை. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சட்டென்று சொல்ல மாட்டேன். டீச்சரைப் பற்றியும் அதை இதுவரை நான் சொல்லவில்லை.