இரண்டாவது பிரேக்

"மச்சான், நான் சொன்னதா வெளிய போகக்கூடாது. சலூன்ல பேசிக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்று பீடிகை போட்டுவிட்டுத்தான் தியரி சாரின் தங்கை கணவர் ஊரிலிருந்து போனில் விஷயத்துக்கு வந்தார்.

விஷயம் இதுதான். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த பிரேக் டீச்சர், போன நாட்டில் டிரைவிங் டெஸ்டில் பெயிலாகிவிட்டாளாம். சும்மா பெயில் இல்லையாம். நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, டெஸ்ட் எடுக்க வந்த ஆபீசரையே ஓட்டச் சொன்னாளாம். குடும்பம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறதாம். பழைய ஸ்கூல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வைத்திருப்பவர், "எப்பக் காலி பண்ணணும்?" என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனாராம்.

"அவரை நிம்மதியா வியாபாரம் பண்ணச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தியரி சார் போனை வைத்தார். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. வைத்ததும் கண்கள் மகளைத்தான் தேடின.

தியரி சார் என்பவர் பிரேக் டீச்சரின் கணவர். ஸ்கூலின் முதலாளி, மேனேஜர், குமாஸ்தா எல்லாம் அவரே. கரும்பலகையில் சாலைக் குறியீடுகளை வரைந்து பாடம் நடத்தினால் முட்டாள்கூடப் புரிந்துகொள்வான். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில், பழகலாம் என்று ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் நாளே ஸ்கூல் வண்டியை ஸ்கூல் ஷட்டரிலேயே கொண்டுபோய் விட்டார். அன்றோடு சாக்பீஸ்தான் தனக்கு என்று ஒதுங்கிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஆட்டோவில் வந்து இறங்குவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் தெருவில் கிடையாது.

"யார்கிட்ட சொன்னே?" என்று மகளைப் பிடித்தார்.

"சித்தப்பா பொண்ணுகிட்ட மட்டும்தான்ப்பா. அதுவும் சிரிக்கிறதுக்கு."

"சிரிச்சாச்சு. ஊரே சிரிச்சாச்சு."

டீச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்குப் பிள்ளையத் திட்டுறீங்க? பெயில்தானே? ஆமான்னு சொல்லிட்டுப் போங்க."

அது ஆமாம்தான். ஊர்ப் பேச்சில் முக்கால் பங்கு உண்மை இருப்பது அபூர்வம், இதில் இருந்தது.

ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவார், கற்றுக்கொடுப்பவர் இடப்பக்கம். பதினெட்டு வருஷம் டீச்சர் அந்த இடப்பக்க சீட்டில்தான் குடியிருந்தாள். காலுக்குக் கீழே, கற்றுக்கொடுப்பவருக்கென்றே வைத்த இரண்டாவது பிரேக். ஸ்டியரிங் எப்போதும் வலப்பக்கம் இருப்பவர் கையில். இந்த நாட்டில் எல்லாமே தலைகீழ். இடப்பக்க சீட்தான் ஓட்டுகிறவருடையது. மற்ற நாட்களில் சமாளித்து ஓட்டிப் பழகிவிட்டாள். டெஸ்ட் அன்று வலப்பக்கம் வந்து உட்கார்ந்த ஆபீசர் புதுப்பையன். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் கற்றுக்கொள்ள வந்தவனைப் போலவே விறைப்பாக இருந்தான். சிக்னலில் பச்சை விழுந்தது. டீச்சர் நகரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். டீச்சர் அவன் பக்கம் திரும்பி, தமிழில், மிக அன்பாகச் சொன்னாள்: "பயப்படாதே. மெதுவா எடு."

அவன் எடுக்கவில்லை. பெயில் என்று எழுதினான்.

இரண்டாம் முறை பாஸாகிவிட்டாள். அது சலூன்வரை போய்ச் சேரவில்லை. பாஸானதை யார் பேசுவார்கள்?

ஆனால் சொந்தமாக ஓட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு இங்கே ஸ்கூல் நடத்த முடியாது. கற்றுக்கொடுக்கத் தனி லைசென்ஸ், அதற்குத் தனி டெஸ்ட். ஸ்கூல் தொடங்குகிறோம் என்று சொல்லித்தான் விசா வாங்கியிருந்தார்கள், அதுவும் முடியப்போகிறது. லைசென்ஸ் கிடைத்தால் ஸ்கூல் உண்டு, ஸ்கூல் இருந்தால் இவர்கள் இங்கே உண்டு. இல்லாவிட்டால் செல்போன் கடைக்காரரின் பயம் நியாயமானதாகிவிடும்.

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் ஒரு நர்ஸ். டீச்சரிடம் வண்டி பழகியவள், முன்பே இங்கு வேலைக்கு வந்தவள். "டீச்சர், இங்க நம்ம பொம்பளைங்க நிறையப் பேரு வண்டி ஓட்டத் தெரியாம வீட்டுக்குள்ளயே கிடக்கிறாங்க. பஸ் வர்றதே அபூர்வம். புருஷன் லீவு போட்டாத்தான் டாக்டரையே பார்க்கலாம். நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றாள். சார் யோசித்தார், டீச்சர் யோசிக்கவே இல்லை.

மளிகைக் கடைக்காரர் நாடு மாறினால் தராசையாவது எடுத்துப் போகலாம். டிரைவிங் ஸ்கூல்காரர் எதை எடுத்துப் போவார்? வண்டியின் ஸ்டியரிங் தப்பான பக்கத்தில். போர்டு வேறு மொழியில். சார் மனப்பாடமாக வைத்திருந்த விதிகளில் பாதியை இடம் வலமாகத் திருப்பிப் போட வேண்டும். கடைசியில் டீச்சர் பழைய வண்டியின் இரண்டாவது பிரேக் பெடலைக் கழற்றி, ஒரு புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இங்கே மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்குச் சேராது என்று கையில் கொடுத்துவிட்டார். இப்போது அது படுக்கையறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. புது வண்டிக்கு இந்த நாட்டுப் பெடலையே மாட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பெடலில் அவள் கால் எப்படி இருக்கும் என்பது தனிக் கதை. மற்ற ஸ்கூல்களில் வாத்தியார் பிரேக் போட்டால் பல்லும் பல்லும் இடிக்கும். கூடவே திட்டும் விழும். டீச்சர் பிரேக் போட்டால் போட்டது தெரியாது. வண்டி தானாகக் குழைந்து நிற்கும். ஓட்டுகிறவர் தானே நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். எப்போது அந்தக் கால் பெடலை விட்டு விலகியது என்பதும் தெரியாது. இப்படித்தான் மார்க்கெட்டில் மீன் விற்றவள் முதல் கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டுவரை அவளிடம் பழகி ஓட்டிக்கொண்டு போனார்கள். பிரேக் டீச்சர் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பெயரை யாராவது சொன்னால் பக்கத்தில் நிற்கும் சாருக்குச் சட்டை காலர் தானாக ஏறிக்கொள்ளும்.

கற்றுக்கொடுக்கும் டெஸ்டுக்கு ஒரு நிபந்தனை. கற்றுக்கொள்ளும் ஆள் ஒருவரை டீச்சரே கூட்டி வர வேண்டும். டெஸ்ட் எடுப்பவர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். பேசுகிற மொழி எதுவானாலும் சரி, மொழிபெயர்க்க ஒரு ஆள் இருந்தால் போதும் என்றார்கள். அதற்கு நர்ஸ் வருகிறேன் என்றாள். ஆனால் பழகும் அனுமதி கையில் வைத்திருப்பவர் யார்? டீச்சரிடம் பழகக் காத்திருந்த பெண்கள் யாரும் அதற்கான எழுத்துப் பரீட்சையே எழுதவில்லை. எழுதியவர் ஒருவர்தான். இந்த நாட்டு விதியையும் ஒரு கை பார்க்கிறேன் என்று போய், ஒரு கேள்விகூடத் தப்பாமல் எழுதி, அனுமதியை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தவர்.

"நானா?" என்றார் தியரி சார்.

"நீங்கதான்."

"நான் ஓட்டினா உனக்கு லைசென்ஸ் கிடைக்காது. எனக்கு ஆஸ்பத்திரிதான் கிடைக்கும்."

"ஓட்டத் தெரிஞ்சவரக் கூட்டிட்டுப் போனா, நான் அங்க என்னத்தக் கத்துக்குடுக்கிறது?"

சார் பர்ஸிலிருந்து அனுமதியை எடுத்து விரித்துப் பார்த்தார். மகள், "அப்பா, ஷட்டர் இல்லாத ரோடாப் பார்த்துப் போங்க" என்று வழியனுப்பினாள்.

டெஸ்ட் அன்று பின்சீட்டில் கண்ணாடி போட்ட நடுவயது அம்மாள் ஒருவர், பக்கத்தில் நர்ஸ். சார் இடப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலப்பக்கம் டீச்சர். வீட்டில் 'ங்க' போடாமல் புருஷனிடம் பேசாதவள், வண்டியில் ஏறினால் அந்த 'ங்க'வைக் கழற்றி வைத்துவிடுவாள். "சீட்டை முன்னால இழு. கண்ணாடி பாரு. கிளட்சை விடு, விடு, இன்னும் கொஞ்சம்." நர்ஸ் மொழிபெயர்த்தாள். கழன்ற 'ங்க'வை அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை.

இரண்டு தெரு தாண்டியதும் சிக்னல். சார் கவனித்துவிட்டார்: டீச்சர் பெயிலான அதே சிக்னல். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. குடும்பமே தன் வலது காலில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததாலேயே கால் அசைய மறுத்தது.

"பயப்படாதே. மெதுவா எடு" என்றாள் டீச்சர்.

அன்பாகத்தான் சொன்னாள். இந்த முறை சரியான ஆளிடம், சரியான சீட்டிலிருந்து. வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு ஓடியது. வளைவில் திடீரென்று ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். வண்டி குழைந்து நின்றது. சைக்கிள்காரர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். சாருக்கு மூச்சு வந்தது.

இறங்கிய பிறகு, அந்த அம்மாள் போனதும், நர்ஸ் ஓடி வந்தாள். "டீச்சர், சைக்கிள்காரர் வந்தப்ப நிறுத்தினது யாருன்னு அந்தம்மா கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னேன். அவங்களுக்கும் தெரியலயாம். குனிஞ்சு எட்டிப் பார்த்தாங்களாம். அதுக்குள்ள உங்க கால் தரையில இருந்துச்சாம்."

"நானா நிறுத்தினேன், நீயா?" என்று, நர்ஸ் ஓட்டிய வண்டியில் சார் வழியெல்லாம் கேட்டார். டீச்சர் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முடிவைப் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். சார் குளிக்கப் போனாலும் போனைக் கூடவே கொண்டுபோனார். அடித்தால் மாப்பிள்ளை, எடுத்தால் சலூன் பேச்சு. நாலாம் நாள் டெஸ்ட் ஆபீசிலிருந்து, மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், ஒரு செய்தி வந்தது: இன்று மதியம் அழைக்கிறோம்.

மதியம்வரை சாரால் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக அவர் நடந்ததில் டீச்சருக்கே தலை சுற்றியது. "வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரலாம். உங்களப் பார்க்கிறதுக்கு அது தேவலாம்" என்றாள்.

வழக்கம்போல இரண்டு போனையும் பைக்குள் போட்டு, பையைப் பின்சீட்டில் வைத்தாள். பழைய ஸ்கூல் சுவரில் சார் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்: 'வண்டி ஓடும்போது அடிக்கும் போன் உங்களுக்கு அல்ல.' எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், பழக வந்தவரின் மகளுக்கே பிரசவ வலி என்று போன் வந்தாலும், ஓரம் கட்டி நிறுத்திய பிறகுதான்.

அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மரம் வைத்த தெரு. வேகம் அதிகமில்லை. சார் கியர் மாற்றினார், சத்தம் வரவில்லை. இன்னொரு முறை மாற்றினார். அப்போது காய்கறிப் பையோடு ஒரு பெண், கையிலிருந்த போனைப் பார்த்தபடியே நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கினாள்.

வண்டி நின்றது. பல் இடிக்கவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, வெட்கத்தோடு சிரித்துவிட்டுக் கடந்துபோனாள்.

சார் குனிந்து டீச்சரின் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் பின்னால் மடக்கி, ஒன்றன்மேல் ஒன்று போட்டு வைத்திருந்தாள். பெடல் தனியாக இருந்தது.

"நீ போடலயா?"

"எதை?"

"அப்ப நான்தானா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அவர் எதுவோ சொல்ல வாயைத் திறந்தார். பின்சீட்டில் போன் அடித்தது. ஊரில் இப்போது எல்லோரும் தூங்கும் நேரம். மாப்பிள்ளையாக இருக்க முடியாது.

"ஆபீஸ்தான். எடும்மா."

"வண்டி ஓடுது."

"நின்னுதானே இருக்கு."

"இன்ஜின் ஓடுதுல்ல? சுவத்துல எழுதினது யாரு?" டீச்சரின் உதட்டோரம் சிரிப்பு. கால் மடக்கியது மடக்கியபடியே இருந்தது. "ஓரம் கட்ட அங்க இடமிருக்கு, அந்த மரத்துக்கு அந்தப் பக்கம். கண்ணாடி பாரு. இண்டிகேட்டர் போடு. மெதுவா எடு."

தியரி சார் கண்ணாடி பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.