சுவிட்சுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுதிய பாதுகாப்பு நடைமுறைகளை அடுக்கினால் என் தோள் உயரம் வரும். எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் தொழிலாளர்களின் கையெழுத்து இருக்கும். முதல் பக்கத்தில் விரல் அழுக்குக்கூட இருக்காது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை முதலாளி என்னைத் தேடி வந்தார். வளைகுடாவுக்கு அரிசி அனுப்பும் காயல்பட்டினத்து வியாபாரி, எழுத்தில் பாதுகாப்பு நடைமுறை இருந்தால்தான் கொள்முதல் என்றிருக்கிறார். "நல்லா தடியா எழுதிக் குடுங்க சார்" என்றார் முதலாளி. தடிமன் எனக்குப் பழக்கம்தான். ஒப்புக்கொண்டேன்.

அங்கே ஆபத்தான இடம் ஒன்றுதான்: நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிக்குழி. பெல்ட்டில் வரிசையாக இரும்பு வாளிகள். பிசானப் பருவத்து நெல் ஈரமாக வந்தால் அடைத்துக்கொள்ளும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவர் குழியில் இறங்கி, வாளிகளுக்கிடையே கைவிட்டுத் தோண்ட வேண்டும். பல வருடமாக இறங்கியவர் கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர். சுவிட்ச் போர்டு குழியிலிருந்து பார்த்தால் தெரியாது. முதலாளி அறையின் வெளிச்சுவரில் இருந்தது. அவர் கை உள்ளே இருக்கும்போது யாரும் சுவிட்சைப் போடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். அதை நாற்பது பக்கத்தில் எழுதினேன்.

முதல் நாள் சுற்றிப் பார்த்தபோது போர்டின் கீழே ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. ஒழுங்கீனம் என்று குறித்துக்கொண்டேன். செருப்புக்காரர் குழிக்குள் வெறுங்காலோடு நின்றார். அதையும் குறித்துக்கொண்டேன். எல்லோரும் பாதுகாப்பு ஷூ அணிய வேண்டும், செருப்பு ஆலைக்குள் எங்கும் கிடக்கக் கூடாது என்று ஒரு விதி. குழியில் இறங்குபவர் 'ஆள் உள்ளே, சுவிட்சைப் போடாதே' என்ற தகட்டை மாட்டிவிட்டு இறங்கி, ஏறியதும் கழற்ற வேண்டும் என்று இன்னொன்று.

முதலாளி ஷூ வாங்கினார். தகடும் செய்தார். வியாபாரியின் ஆள் எப்போது வந்தாலும் கண்ணில் படட்டும் என்று அதை நான்கு திருகாணி போட்டுச் சுவரில் முடுக்கிவிட்டார். அன்றுமுதல் தகட்டின்படி ஆள் எப்போதும் உள்ளே இருந்தார், மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. திருகாணிகள் நேராக இருப்பதாக நான் பாராட்டினேன்.

மூன்றாம் வாரம், கையெழுத்து வாங்கக் கோப்போடு போனேன். எலிவேட்டர் அடைத்திருந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழிக்குள் நின்றார். டீ குடிக்கப் போயிருந்த மோட்டார்க்காரர் திரும்பி வந்து, வழக்கம்போலப் போர்டின் கீழே பார்த்தார். ஒன்றும் கிடக்கவில்லை. சுவிட்சைப் போட்டார்.

குழி விளிம்பில் நின்ற என் கண்ணெதிரே வாளிகள் கிளம்பின. உள்ளே செருகியிருந்த மூங்கில் கம்பு இரண்டாக முறிந்தது. அவர் கை அங்கே இல்லை. அந்த நேரம் பார்த்து, அவிழ்ந்துபோன ஷூ கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் மோட்டார் நின்றது.

அவர் ஏறி வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செருப்பு கெடக்கலியே அண்ணாச்சி. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் மோட்டார்க்காரர்.

"எப்படிலே கெடக்கும்? கால்லதான் ஷூன்னு பூட்டு போட்டுருக்கே" என்ற கல்லிடைக்குறிச்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். "சார், செருப்பு கெடந்தா இங்கன ஒருத்தனும் சுவிட்சத் தொட மாட்டான். மொதலாளியே தொட மாட்டாரு. அதத்தான் நீங்க எடுத்துரச் சொல்லிட்டிய. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

நான் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன்.

முதலாளிக்கு வேறு யோசனை. "ஷூ இல்லன்னா கை போயிருக்கும்லா சார்? இத அந்தப் புத்தகத்துல சேத்துருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படி எழுதினால் எந்தத் தணிக்கையிலும் கேள்வி வராது என்பதும் எனக்குத் தெரியும். எழுதவில்லை. கல்லிடைக்குறிச்சிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரே ஒரு பக்கம் எழுதினேன். குழியில் இறங்குபவர் மோட்டாரை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து போட்டு வந்த செருப்பைப் போர்டின் கீழே விட வேண்டும். ஷூவோடுதான் இறங்க வேண்டும். செருப்புக்காரரைத் தவிர வேறு யாரும் அந்தச் செருப்பை எடுக்கக் கூடாது. பூட்டு மட்டும் என் யோசனை. தகட்டைக் கழற்றச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டு போனேன். முதலாளி அறையில் சாமி படங்கள் உண்டு. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேசிவிட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது. ஆலையில் சத்தமே இல்லை. மோட்டார்க்காரர் போர்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மோட்டார நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வந்து பாத்தா இது கெடக்கு சார். சுவிட்சுல பூட்டு இல்ல. குழிய ரெண்டு தடவ எட்டிப் பாத்தாச்சு, ஆளும் இல்ல. நம்ம ஆளுக எல்லாரும் வெளியதான் நிக்காங்க. ஆனாலும் போடல."

"என்னோடதுதான்" என்றேன்.

"அப்ப நீங்கதான் எடுக்கணும்" என்றார் கல்லிடைக்குறிச்சிக்காரர். "வேற யாரும் எடுக்கக் கூடாதுல்லா?"

எடுத்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியது.

யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.