தென்மேற்கு மூலைக்கு ஒரு கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதம், தூத்துக்குடியில் மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. நான்கு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. காலையில் எத்தனை தும்மல், குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை, எல்லாம் நோட்டில் ஏறிவிடும். எண்ணிக்கை ஏற ஏறக் கவலையும் ஏறும்.

எங்கள் வீட்டுக்கு ஐந்து மூலை. மனையின் தென்மேற்குப் பக்கத்தை, உப்பளத்துக்குத் தண்ணீர் போன பழைய ஓடை ஒன்று குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருந்தது. கொத்தனார் ஓடையை ஒட்டியே சுவரை எழுப்பிவிட்டார். படுக்கையறை வாசலிலிருந்து அடுக்களை வாசல் வரை ஹாலில் ஓடும் அந்தக் கோணல் சுவரின் நீளம் பதினொன்றேகால் அடி. இருபத்தாறு வருடம் அது எங்களை ஒன்றும் செய்யவில்லை.

அந்த வருடம் ஜனவரியிலிருந்து என்னவோ சரியில்லை. என் மனைவி கையிலிருந்து டம்ளர் விழுந்தது பதினாறு முறை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டது ஒன்பது. சர்ச் படியில் தடுக்கியது மூன்று. ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். "பாத்து நட, ஏளா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லவும் செய்தேன்.

அப்போதுதான் கைபேசியில் ஒருவர் ஃபெங் சுயி என்ற சீன முறை பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்தேன். வீட்டு வரைபடத்தின் மேல் ஒன்பது கட்டம் போட வேண்டுமாம். எந்தக் கட்டம் சுவருக்கு வெளியே விழுகிறதோ, அதற்குரியவருக்குக் கேடாம். போட்டுப் பார்த்தேன். வெளியே விழுந்தது தென்மேற்கு. அது வீட்டுப் பெண்மணிக்கு உரிய கட்டம் என்றார் அவர். அழித்துவிட்டு மறுபடி போட்டேன், அப்போதும் தென்மேற்குதான்.

நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வாஸ்து பார்ப்பது மூடநம்பிக்கை என்று சபைக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசியவன் நான். ஆனால் இதில் திசைமானி இருந்தது, அளவு இருந்தது, கட்டம் இருந்தது. என் கண்ணுக்கு அறிவியலாகத் தெரிந்தது.

"வாஸ்து பாத்தா பாவம்னு மைக்கப் புடிச்சிப் பேசுனிய. சீனாக்காரன் சொன்னா மட்டும் பாவமில்லியோ?" என்றாள் என் மனைவி.

"இது அளவு சம்பந்தப்பட்டது, ஏளா."

"அப்பம் அடுத்த கூட்டத்துல டேப்பக் கொண்டுபோயி சர்ச்சையும் அளந்துட்டு வாங்க."

நான் கேட்கவில்லை. படுத்தபடியே வாசல் தெரிய வேண்டும் என்று கட்டிலைத் திருப்பிப் போட்டேன். டீப்பாயை இடம் மாற்றினேன். மண் அந்த மூலைக்குப் பலம் என்றது அந்த வீடியோ. அதனால் கனமான மண்சாடி ஒன்றைக் கோணல் சுவரோரம் நடுவில் வைத்தேன்.

முதல் வாரத்திலேயே கோடுகள் இரண்டு மடங்காயின. எட்டாம் நாள் அவள் மண்சாடியில் மோதிக் கீழே விழுந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிப்போனது. பரிகாரம் பாதியில் நிற்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்தேன். மிச்சம் இருந்தது கண்ணாடி. கோணல் சுவரில் பெரிய கண்ணாடி மாட்டினால், அந்தப் பக்கம் இல்லாத இடம் இருப்பதுபோல் ஆகிவிடுமாம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், ஆறடிக்கு நான்கடியில் ஒரு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டேன்.

அதை மாட்ட வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கடற்கரைக்காரர். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், காது கெட்ட பிறகு கண்ணாடி வேலைக்கு வந்தாராம். அதனால் சத்தமாகவே பேசினார். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, துளை போடும் மிஷினை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, சுவத்துல இது என்னது?"

இடுப்பு உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு, மங்கலான பட்டை ஒன்று சுவர் நெடுக ஓடியது.

"அழுக்கு. எத்தன மட்டம் சொன்னாலும் கேக்க மாட்டா. சுவத்தத் தொட்டுட்டேதான் நடப்பா. இந்தக் கண்ணாடி வந்தா மறைஞ்சிரும்" என்றேன்.

அவர் தன் உள்ளங்கையை அந்தப் பட்டையில் வைத்து மெல்ல நடந்து பார்த்தார். படுக்கையறை வாசலில் தொடங்கி அடுக்களை வாசலில் முடிந்தது அது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி தட்டில் இரண்டு டம்ளர் டீயோடு அடுக்களையிலிருந்து வந்தாள். வீங்கிய கையின் விரல்கள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தன. சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் விரல் பட்டதும் திடுக்கிட்டு நின்றாள். டீ தட்டில் சிந்தியது.

"இங்கன என்னத்த வச்சிருக்கிய?"

ஆறடிக் கண்ணாடி அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

அவர் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "மைனி, என் மூக்கையே பாருங்க. கண்ணத் திருப்பப்பிடாது" என்று சொல்லி, தன் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். "இதுல எத்தன வெரலு?"

"எதுல?" என்றாள்.

அவர் மூன்று விரல் காட்டிக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன். கையை மாற்றி இடது பக்கம் நீட்டினார். அதற்கும் அவள் "எதுல?" என்றுதான் கேட்டாள்.

"தண்ணி கலங்கிக் கெடந்தா கண்ணு ஒதவாது அண்ணாச்சி. கைதான் முன்னால போவும்" என்றார் அவர் என் பக்கம் திரும்பி. "கடலுக்கு அடில நாங்க மணலத் தடவித் தடவிப் போன மாதிரி, மைனி இங்கன போறாவ. எங்க அம்மையும் இப்படித்தான் சுவரப் புடிச்சா. வயசாச்சின்னு விட்டுட்டோம். ரெண்டு வருசத்துல பார்வ மொத்தமாப் போயிட்டு."

நான் மனைவியைப் பார்த்தேன். "எத்தன நாளா ஏளா?"

"நான் எண்ணல" என்றாள். பிறகு, "நேர இருக்கது தெரியிது. பக்கத்துல இருக்கதுதான் தெரிய மாட்டேங்கு. உங்ககிட்டச் சொன்னா அப்புறம் ஒறங்குவியளா? தும்முனாலே நோட்டத் தூக்குதிய" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஒரு துளைகூடப் போடவில்லை. மண்சாடியைத் தூக்கி வெளியே வைத்தார். கட்டில் முன்பு எங்கே கிடந்தது, டீப்பாய் எங்கே இருந்தது என்று அவளிடம் கேட்டார். அவள் கையைக் காட்டக் காட்ட, நாங்கள் இருவரும் நகர்த்தினோம். "இன்னும் நாலு வெரக்கட உள்ள" என்று அவள் சொன்ன இடத்தில், தரையில் கட்டில் காலின் பழைய தடம் இருந்தது.

கண்ணாடியை மறுபடி சாக்கில் சுற்றிக் கட்டினார். "மூலை வெளிய கெடந்தா கெடந்துட்டுப் போவுது. கண்ணாஸ்பத்திரி நாலு மணி வரைக்கும் உண்டு. கெளம்புங்க" என்றார். ஆட்டோ பிடித்து, கூடவே வந்து, எங்கள் கையில் டோக்கன் கிடைத்த பிறகுதான் போனார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டபோது, பையில் இருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். டம்ளர், கதவு நிலை, படி, எல்லாம் தேதியோடு இருந்தன. நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு கவனமா எழுதியிருக்கீங்க. ஏன் முன்னாலயே கூட்டிட்டு வரல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மூன்று வருடமாகத் தினமும் அவளுக்குச் சொட்டு மருந்து விடுவது நான்தான். அந்தச் சொட்டுகளை மட்டும் எண்ணலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். இருந்த பார்வை அப்படியே நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களை அந்தப் பட்டையைத் தொட நான் விடவில்லை. தடவத் தடவ அது பளபளவென்று ஆகியிருக்கிறது. வீட்டில் ஒரு முக்காலியை நகர்த்துவதென்றாலும் இப்போது அவளிடம் கேட்டுத்தான் செய்கிறேன்.

எங்கள் வீட்டில் குறைந்திருந்தது எந்த மூலை என்று யாராவது கேட்டால், ஏழு மாதம் நான் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்த அந்த நாற்காலி இருக்கும் இடத்தைத்தான் இன்றும் காட்டத் தோன்றுகிறது.